வெள்ளம், பனி, பள்ளி: கொச்சங்காடியில் மூன்று சொற்களும் ஒரு நகரத்தின் நலவாழ்வும்

 

தமிழ் மலையாள மொழித்தொடர்பு குறித்த என் ஆய்வுக்காக மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடிப் பகுதிக்கு அவ்வப்போது சென்று வருகிறேன். ஒரு மழைக்காலக் காலையில், அங்குள்ள பள்ளி ஒன்றின் வாயிலில் தமிழ் பேசும் தாய் ஒருவர் என்னிடம் ஓர் அறிவிப்புத் தாளை நீட்டினார். பல ஆண்டுகளாகக் கொச்சியில் வாழ்பவர். மலையாளம் பேசுவார், ஆனால் எழுத்து தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். ‘வெள்ளம் திளப்பிச்சே குடிக்காவூ, பனியுள்ள குட்டிகளெ ஸ்கூளில் அயய்க்கருது.’ நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும், காய்ச்சல் உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பது பொருள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வெள்ளத்தைக் காய்ச்சறதா தம்பி? அதுதான் வீட்டுக்குள்ளயே வந்து நிக்குதே!”

மலையாள ‘வெள்ளம்’ நீர் என்பதை அவர் நன்கு அறிவார். அறிந்தே அச்சொல்லைத் தமிழ்ப்பொருளுக்குத் திருப்பினார். அந்த ஒரு வரியில் இரண்டு நீர்களும் அடங்கிவிட்டன: குழாயில் வராத நீர், வாசல் தாண்டி வந்துவிட்ட நீர். இப்பதிவு அவருடைய சொல் விளையாட்டிலிருந்து பிறந்தது. தட்பவெப்பம் மாறுந்தோறும் நகரத்தின் நோய்ச்சுமை எவர்மீது இறங்குகிறது, அதைக் குறைப்பதில் நகரப் பள்ளிகளுக்கு என்ன பங்கு என்பதே கேள்வி. இதற்கான விடையைத் திட்ட அறிக்கைகளில் தேடுமுன் வரலாற்றில் தேடலாம் என்பது என் கருத்து.

வெள்ளம்

கொச்சங்காடி என்னும் பெயரிலேயே தமிழ் வாசகர் அறிந்த ‘அங்காடி’ இருக்கிறது. மலையாளத்தில் ‘ங்க’ என்னும் மெய்ம்மயக்கம் ‘ங்ங’ என ஓரினமாவதால் அவர்கள் ‘அங்ஙாடி’ என்பர். முற்பகுதி ‘கொச்சு’, அதாவது சிறிய என்னும் அடையாக இருக்கலாம்; கொச்சியின் பெயரோடு தொடர்புடையதாகவும் இருக்கலாம். ஊரின் தொன்மைக்குச் சான்றாக ஒரு கல் உண்டு. கொச்சங்காடியில் இருந்த யூதத் தொழுகைக் கூடத்தின் கல்வெட்டு 1344ஆம் ஆண்டுக்குரியது. அக்கல் இன்று மட்டாஞ்சேரியின் பரதேசி யூதத் தொழுகைக் கூட வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. அதற்கு மூன்றே ஆண்டுகளுக்குப் பிந்தியது அந்தக் கல். ஆக, இது வெள்ளம் உருவாக்கிய ஊர். கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் இந்நிலத்தில் நீர் எப்போதும் அண்டைவீட்டாராகவே இருந்திருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே விதமான அண்டைவீட்டாராக அது இருந்ததில்லை. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் ‘கொச்சின் லெக்’ என்றொரு பதிவு உண்டு. கொச்சிக் கால் என்று பொருள். யானைக்கால் நோய்க்கு ஐரோப்பியர் இட்ட பெயர் அது. ஓர் ஊரின் பெயர் ஒரு நோயின் பெயராகிவிட்டது. அலெக்சாண்டர் ஹாமில்ட்டன் 1727இல் வெளியிட்ட பயண நூலில் இதற்கு விளக்கமும் இருக்கிறது. கொச்சியின் நீரே கால் வீக்கத்துக்குக் காரணம் என நம்பிய டச்சுக்காரர்கள், நாள்தோறும் வராப்புழைக்குப் படகுகளை அனுப்பிச் சிறு பீப்பாய்களில் நீர் கொண்டுவந்தனர். கம்பெனி ஊழியர்களுக்கு அந்நீர் இலவசம். மற்றவர்கள் பீப்பாய்க்கு விலை கொடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும் டச்சு ஆண்களிடமும் பெண்களிடமும் அந்நோயைக் கண்டதாக ஹாமில்ட்டன் எழுதுகிறார்.

இக்குறிப்பில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நோயின் காரணம் பற்றிய அறிவு பிழையானது. யானைக்கால் நோய் குடிநீரால் வருவதில்லை. நுண்புழுவைக் கொசு பரப்புகிறது என்பதைப் பாட்ரிக் மான்சன் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் ஆராயத் தொடங்கியது 1877இல்தான். இரண்டாவது, அறிவு பிழையாக இருந்தபோதும் சமூகப் பங்கீடு துல்லியமாக இயங்கியது. எது பாதுகாப்பு என்று கருதப்பட்டதோ அது முதலில் அதிகாரத்துக்கு இலவசமாகவும், பிறகு பணத்துக்கு விலையாகவும் சென்றது. இரண்டும் இல்லாதவர் ஊர்க் கிணற்றோடு நின்றனர்.

இன்றைய மேற்குக் கொச்சியிலும் இப்பங்கீட்டின் சாயலைக் காணலாம். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் பழுதானபோது மேற்குக் கொச்சி குடிநீருக்காக லாரிகளை எதிர்நோக்கி நின்றது. குழாய் நீர் நிச்சயமில்லாத வீட்டில் குடமும் டிரம்மும் நிறைத்து வைக்கப்படுகின்றன. மூடாத டிரம்மில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்கிறது. மழை மிகுந்தால் வடிகால் நிரம்பித் தெருவில் நிற்கும் நீரின் வழியாக எலிக்காய்ச்சல் வருகிறது. தேங்கிய கழிவுநீரில் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு பெருகுகிறது. வறட்சியானாலும் பெருமழையானாலும் நோய் வந்து சேரும் வீடு ஒன்றே. தட்பவெப்ப மாற்றம் இங்கே புதிய ஏற்றத்தாழ்வு எதையும் படைக்கவில்லை. பழையதன் வட்டியைக் கூட்டுகிறது.

பனி

தமிழில் ‘பனி’ என்றால் குளிர்ந்து இறங்கும் நீர்த்துளி. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். ‘எலிப்பனி’ எலிக்காய்ச்சல், ‘டெங்கிப்பனி’ டெங்குக் காய்ச்சல். இரண்டும் ஒரே சொல்லின் கிளைகளாக இருக்கக்கூடும். பழந்தமிழில் ‘பனித்தல்’ நடுங்குதலையும் குறிக்கும். குளிரில் நடுங்குவதும் காய்ச்சலில் நடுங்குவதும் உடலுக்கு ஒன்றுதானே. மொழியியல் மாணவருக்கு இது சுவையான செய்தி. கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இது வேறு வகையில் முக்கியம்.

கொச்சியில் தமிழர் பல அடுக்குகளாக வந்து சேர்ந்தவர்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் துணிகளை வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்டோரின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் வண்ணார் சமூகத்தினர் ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் இன்றும் வெயிலில் நின்று உழைக்கின்றனர். வாத்துருத்தியில் கூலித்தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. இவர்களோடு கொங்கணி, குஜராத்தி, உருது, அண்மைக்காலமாக இந்தி, வங்காளி, ஒடியா பேசுவோர். மட்டாஞ்சேரியில் எத்தனை மொழிகள் பேசப்படுகின்றன என்று பெருமையாகச் சொல்கிறோம். நலவாழ்வு அறிவிப்பு எத்தனை மொழிகளில் வருகிறது என்று கேட்பதில்லை.

இங்கேதான் பள்ளி நுழைகிறது. தாய்க்கு எழுத்து தெரியாது, மகளுக்குத் தெரியும். மருத்துவமனைச் சீட்டையும், நகராட்சி அறிவிப்பையும், மழை எச்சரிக்கையையும் அவ்வீட்டில் மொழிபெயர்ப்பவள் ஏழாம் வகுப்பில் படிக்கும் அச்சிறுமியே. எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம் இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்த முயற்சி. புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அவரவர் மொழி அறிந்த தன்னார்வலர்களைக் கொண்டு, வழக்கமான வகுப்புக்கு முன்னதாக, தாய்மொழிக்கும் மலையாளத்துக்கும் இடையே மாறிமாறிச் செல்லும் முறையில் கற்பித்தார்கள். அதன் நோக்கம் கல்விதான். ஆயினும் எந்தக் குடும்பத்தில் எந்த மொழி என்பதை அறிந்துவைத்திருக்கும் நிறுவனம் பள்ளி என்பதை அது காட்டிவிட்டது. ஒரு வெப்ப எச்சரிக்கை யாருக்கு எந்த மொழியில் செல்ல வேண்டும் என்பதை வகுப்பாசிரியரைவிட நன்றாக அறிந்த அலுவலர் நகரத்தில் வேறு யாரும் இல்லை.

பள்ளி

மூன்றாவது சொல்லிலும் ஒரு வேடிக்கை உண்டு. கொச்சங்காடியின் ‘செம்பிட்ட பள்ளி’ என்றால் தமிழர் காதில் செப்புக் கூரையிட்ட பாடசாலை எனக் கேட்கும். அது பழமையான மசூதி. மலையாளத்தில் ‘பள்ளி’ மசூதியையும் தேவாலயத்தையும் குறிக்கும். தமிழில் அச்சொல் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்துப் பின்னர் கல்விக்கூடத்துக்கு வந்தது. உறைவிடம், மருந்து, கல்வி ஆகியவை ஒரே கூரையின்கீழ் இருந்த காலத்தின் நினைவு அச்சொல்லில் தங்கியிருக்கிறது. பள்ளியை நலவாழ்வு நிறுவனமாகக் காண்பது புதிய கோட்பாடு அன்று என்பதற்கு நம் நவீன வரலாற்றிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது சென்னை. பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி மன்றம் 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளி மாணவருக்கு உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைக்குப் பாடத்தில் ஆரோக்கியம் கற்பித்துப் பயனில்லை என்பதை அது உணர்ந்திருந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யக் கூடாது என்று மாகாண அரசு தடுத்ததால் 1925இல் திட்டம் நின்றது. கருத்து நிற்கவில்லை. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு என அது வளர்ந்த வரலாறு அனைவரும் அறிந்தது. 1925இன் பாடத்தை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்: உணவைக் கல்விச் செலவு அல்ல எனக் கணக்கர் ஒருவர் பிரித்து எழுதிய அன்றே அது நின்றது.

இரண்டாவது சான்று கொச்சிக்கு மிக அருகில் இருக்கிறது. தெற்கே சேர்த்தலையில் பரவியிருந்த யானைக்கால் நோய், கொச்சி நகரத்தினதிலிருந்து வேறுபட்ட வகை. அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழுக்கள் ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேர்களைத் துளைத்து, அவற்றிலிருந்து மூச்சுக்காற்றைப் பெற்று வளர்பவை. தென்னை மட்டை ஊறவைக்கும் குளங்களில் அச்செடி மண்டிக் கிடந்தது. தென்னைக்கு அதைத் தழையுரமாகவும் இட்டனர். ஆகவே ‘செடியை அகற்றுங்கள்’ என்று உபதேசித்தால் மட்டும் போதவில்லை. புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980களில் அங்கு மேற்கொண்ட திட்டம், களையகற்றிய குளத்தில் மீன் வளர்த்து வருவாய் ஈட்டும் வழியை மக்களுக்குக் காட்டியது. அந்த இயக்கத்தின் ஒரு கையாகப் பள்ளிகளில் மாணவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. மாணவர் செய்தியை வீட்டுக்குக் கொண்டுசென்றனர். குளங்களைத் துப்புரவாக்கும் பணியிலும் இறங்கினர்.

சென்னையும் சேர்த்தலையும் ஒன்றையே சொல்கின்றன. பள்ளி தனித்து நின்று அறிவுரை வழங்கியபோது அல்ல, நகராட்சியின் பணமோ அறிவியலாளரின் உழைப்போ குடும்பத்தின் வருவாயோ பள்ளியோடு இணைந்தபோதே நோய்ச்சுமை குறையத் தொடங்கியது. கை கழுவுக என்று சுவரில் எழுதினால் போதாது; சுவருக்குக் கீழே குழாய் வேண்டும், குழாயில் நீர் வேண்டும்.

இந்த அளவுகோலால் இன்றைய முயற்சிகளைப் பார்க்கலாம். கேரள அரசு 2024 பிப்ரவரியில் பள்ளிகளில் ‘வாட்டர் பெல்’ முறையைக் கொண்டுவந்தது, காலை 10.30க்கும் பிற்பகல் 2.30க்கும் நீர் அருந்துவதற்கென மணி ஒலிக்கும். தமிழ்நாடும் 2025இல் இம்முறையைப் பின்பற்றியது. எளிய, செலவற்ற, நல்ல ஏற்பாடு. ஆனால் தூய்மையான கழிப்பறை இல்லாத பள்ளியில் வளரிளம் பெண்கள் வேண்டுமென்றே நீர் அருந்தாமல் இருப்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். மணி எல்லோருக்கும் ஒன்றாகவே ஒலிக்கிறது. குவளையை எடுக்கும் துணிவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. வெப்பத்திலிருந்து காக்கும் திட்டத்தின் முதல் வரி, ஆகவே, கழிப்பறையாக இருக்க வேண்டும்.

2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீயால் கொச்சி நகரம் பல நாள்கள் புகையில் மூழ்கியது. சிறு வகுப்புகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. அம்முடிவைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அடைத்த சன்னலும் குளிர்சாதனமும் உள்ள வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையும், தகரக் கூரையின் இடுக்குகளில் புகை நுழையும் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையும் ஒரே விடுமுறையைப் பெறவில்லை. பின்னவர் அன்றைய மதிய உணவையும் இழந்தார்.

மலையாள நாட்டுக் கதை ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. நாராணத்துப் பிராந்தன் என்னும் அறிவுப் பித்தனுக்கு ஒரு காலில் ‘மந்து’, அதாவது யானைக்கால். சுடுகாட்டில் தோன்றிய பகவதி வரம் கேள் என்று வற்புறுத்த, இந்த மந்தை மறு காலுக்கு மாற்றிவிடு என்றானாம்.  பேரிடர் வரும்போதெல்லாம் பள்ளியை மூடிவிடுவதை மட்டுமே தீர்வாகக் கொள்ளும் நிர்வாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. சுமை குறையவில்லை, பள்ளியின் காலிலிருந்து குடும்பத்தின் காலுக்கு மாறியது.

2025 ஜூலை இறுதியில் கேரளக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி, கோடை விடுமுறையை ஏப்ரல், மே மாதங்களிலிருந்து மழை மிகும் ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று பொதுவெளியில் கருத்துக் கேட்டார். அவ்விவாதம் பெரும்பாலும் வெயிலா மழையா என்ற அளவில் நடந்தது. நான் முன்வைக்கும் கேள்வி வேறு. எந்த மாதத்தில் பள்ளியைவிட வீடு ஆபத்தானது? கொச்சங்காடியின் தாழ்வான சந்து ஒன்றில் வாழும் பிள்ளைக்கும், மாடிக் குடியிருப்பில் வாழும் பிள்ளைக்கும் விடை ஒன்றல்ல. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் கேரளம் முழுவதும் மக்கள் அடைக்கலம் புகுந்தது பெரும்பாலும் பள்ளிக் கட்டடங்களில்தான். பேரிடர் முற்றியபின் திறக்கும் கதவு, முற்றுமுன் ஏன் மூடுகிறது?

பிற நாடுகள் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டன. பார்சலோனா நகரம் சில பள்ளிகளின் முற்றங்களில் நிழலும் நீரும் மரமும் அமைத்து, அவற்றை அக்கம்பக்கத்தாருக்கும் வெப்பப் புகலிடமாக்கியது. பாரிஸ் பள்ளி முற்றங்களின் தார்த்தளத்தைப் பெயர்த்து மண்ணையும் மரத்தையும் மீட்டது. கொச்சியில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பழைய பள்ளிகளின் ஓட்டுக் கூரையும், தூண் தாழ்வாரமும், முற்றத்து மாமரமும் இந்நிலத்தின் வெப்பத்துக்கென்றே உருவானவை. இருப்பதை இடிக்காமல் காப்பது முதற்கட்டம்.

எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். தேர்தல் பணி, கணக்கெடுப்பு, உணவுக் கணக்கு என ஏற்கெனவே சுமக்கும் ஆசிரியர்மீது இன்னொன்றை ஏற்றுவதா? நியாயமான கேள்வி. வடிகாலைத் தூர்வாருவதும் குழாயில் நீர் விடுவதும் பள்ளியின் வேலையல்ல. அவற்றைச் செய்யாத அமைப்புகள் பள்ளியின் நற்பணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் கூடாது. பள்ளியிடம் நான் எதிர்பார்ப்பது அதன் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத்தான்: வருகைப் பதிவேடு.

இந்நகரத்தின் ஏழைக் குடும்பங்களைப் பற்றி நாள் தவறாமல் எழுதப்படும் ஆவணம் அது ஒன்றே. மருத்துவமனைப் பதிவு, மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் அறியும். வகுப்பாசிரியரின் சிவப்பு மை வராதவரையும் அறியும். எந்தச் சந்தின் பிள்ளைகள் எந்தப் பேரலை நாளில் வரவில்லை, எந்த வெப்ப வாரத்தில் எந்த வகுப்பில் தலைவலி கூடியது, எந்த மழைக்குப் பின் எத்தனை பேர் ‘பனி’ என்று விடுப்புக் கடிதம் கொண்டுவந்தனர் என்பவை அங்கே கிடக்கின்றன. பிள்ளைகளின் பெயரை நீக்கி, வார்டு வாரியாக, மழை அளவோடும் அலை அட்டவணையோடும் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் நகரத்தின் நோய் வரைபடம் தானே தெளிவாகும். யாருக்கு முதலில் நீர், யாருக்கு முதலில் வடிகால் என்பதைச் செல்வாக்கு தீர்மானிக்காமல் சான்று தீர்மானிக்கும். வராப்புழைப் பீப்பாய்களின் வரிசையை மாற்றுவதென்றால் அதுதான்.

வரலாறு, மொழியியல், பொதுநலவியல் பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகள் கறையானுக்குப் போகுமுன், தலைமையாசிரியரின் இசைவோடு ஒரு முறை பாருங்கள். விடுப்புக் கடிதங்களில் நோய்க்கு என்ன சொல் வழங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; அது எனக்கும் பயன்படும்.

அந்த அறிவிப்புத் தாளின் பின்புறத்தில் அன்று அதன் செய்தியைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ‘தண்ணீர்’ என்றே எழுதினேன். அடுத்த முறை சென்றபோது அத்தாள் அவர் வீட்டுச் சுவரில், சென்ற மழையின் நீர்க்கறைக்குச் சற்று மேலே ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவன் நான், எந்த உயரத்தில் ஒட்ட வேண்டும் என்று அறிந்தவர் அவர்.